சீருடையும் கூலியும்: படையிலிருந்து திரும்பியவர்களின் இராமநாதபுரம்



தியாகி இம்மானுவேல் சேகரனைப் பற்றிப் பேசும் எந்த மேடையிலும் ஒரு வரி தவறாமல் வரும்: ‘இராணுவத்தில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பினார்.’ அதைச் சொன்ன கையோடு நாம் இரட்டைக் குவளைக்கும் 1957 செப்டம்பருக்கும் பரமக்குடிக்கும் போய்விடுகிறோம். இந்த நினைவுச் சொற்பொழிவில் அந்த ஒரு வரியிலேயே சற்று நிற்க விரும்புகிறோம். படைக்குப் போய்வந்தவருக்கு என்ன வேலை கிடைத்தது? போகாமல் ஊரில் இருந்தவருக்கு என்ன வேலை இருந்தது? இரண்டுக்கும் இடையிலான தூரத்தைச் சாதி எப்படி அளந்து கொடுத்தது?

முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி வட்டாரங்களில் விடியுமுன் சாலையோரம் ஓடிப் பழகும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது பழங்கதை அல்ல என்பது தெரியும். உச்சிப்புளியில் கடற்படையின் ‘பருந்து’ விமானத் தளம் இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது. இந்தக் கரையில் சீருடை அன்றாடக் காட்சி. அதைப் போட்டுக் கழற்றியவர்களின் வாழ்க்கை மட்டும் நம் வரலாற்றில் எழுதப்படாமல் கிடக்கிறது.

1. ஊரில் இருந்தவருக்கு விதிக்கப்பட்ட வேலை

படைவீரரின் நிலையை அளக்க வேண்டுமானால், படைக்குப் போகாதவரின் நிலை முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஓர் ஆவணம் இருக்கிறது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் பதிவு செய்தது அது. அன்றைய இராமநாதபுரம் ஜில்லா, இன்றைய சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளையும் உள்ளடக்கியது. அங்கே 1930 டிசம்பரில் கள்ளர் நாட்டார்கள் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது.

இந்தத் தடைகளை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, குதிர்கள் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அதோடும் நிற்கவில்லை. 1931 ஜூனில் பதினொரு தடைகள் வந்தன. இவற்றை நாம் வேலைவாய்ப்புச் சட்டமாகவே படிக்க வேண்டும். பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மட்டுமே மேய்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் மிராசுதாரின் பண்ணையில் அடிமைகளாக உழைக்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பிடித்துப் பயிரிடக் கூடாது. சொந்தமாக நிலம் வைத்திருப்பவர் அதை மிராசுதாருக்கு மலிவு விலையில் விற்றுவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா.

கவனியுங்கள். இங்கே கூலி குறைவு என்பது மட்டும் பிரச்சினை அல்ல. ஒருவர் எந்த வேலையைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, அந்த வேலையிலிருந்து அவர் பிள்ளை தப்ப முடியுமா என்பதையெல்லாம் முதலாளியே எழுதுகிறார். வேலை கொடுப்பவரும், தண்ணீர் திறந்துவிடுபவரும், தண்டனை கொடுப்பவரும் ஒருவரே. இத்தனையும் எல்லா ஊரிலும் நடைமுறைக்கு வந்ததா என்பது வேறு விஷயம். ஆதிக்கம் தன் விருப்பத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது என்பதே நமக்கு வேண்டிய சான்று.

இப்போது ஒரு சிப்பாய்க்குப் பட்டாளத்தில் என்ன கொடுப்பார்கள் என்று யோசியுங்கள். காக்கிச் சட்டை. கால்சராய். பூட்சு. கிராப்பு. உலோகத் தட்டும் குவளையும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படைப்பள்ளி. எட்டுத் தடைகளில் ஆண்களின் உடம்பைக் குறிவைத்த தடைகள் அனைத்தையும் பட்டாளத்தின் முதல் நாளே மீறிவிடுகிறது. பணக்கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 4 அணா கூலி மாதம் 26 நாளும் கிடைத்தால்கூட 6 ரூபாய் 8 அணா. வானம் பார்த்த பூமியில் 26 நாள் வேலை எங்கே இருக்கிறது? இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் மாதம் 16 ரூபாய் அளவில் இருந்தது. சாப்பாடும் உடையும் தனி. பணத்தைவிட முக்கியம், அது மணியார்டராக வந்தது. மிராசுதாரின் கை படாமல் சேரிக்குள் வந்த காசு அது.

2. சேர்த்ததும் தள்ளியதும்

படை நம் மக்களுக்குத் திறந்த கதவாக எப்போதும் இருந்ததில்லை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் போன்ற பொறியியல் பிரிவுகளில் அந்த இருப்பு நீண்ட காலம் தொடர்ந்தது. பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். 1818 ஜனவரி 1 அன்று நடந்த கோரேகான் சண்டையின் நினைவுத் தூணை நாம் அறிவோம்.

பிறகு ‘போர்க்குணச் சாதி’ என்ற கோட்பாடு வந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாகவும், பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்று முடிவு கட்டினார். சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது வடக்கிலிருந்து ஆளெடுத்து மாற்றப்பட்டன. மகர்களைச் சேர்ப்பது 1890களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. அதை எதிர்த்து 1894இல் மனு எழுதிய கோபால் பாபா வலங்கர் ஒரு முன்னாள் படைவீரர். மஹூ ராணுவக் குடியிருப்பில் 1891இல் பிறந்த அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, படைப்பள்ளியில் தலைமையாசிரியராகப் பணிபுரிந்த சுபேதார். படையில் கிடைத்த கல்வி ஒரு தலைமுறைக்குள் என்ன செய்ய முடியும் என்பதற்கும், அந்தக் கதவு மூடப்பட்டால் எத்தனை பேர் வெளியே நிற்பார்கள் என்பதற்கும் அந்தக் குடும்பமே சாட்சி.

போர் வந்தபோது கதவு மறுபடி திறந்தது. முதல் உலகப் போரின்போது 1917இல் மகர் படைப்பிரிவு தொடங்கப்பட்டது, 1921இல் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் 1941இல் மகர் ரெஜிமென்ட் எழுந்தது. 1943இல் சமார் ரெஜிமென்ட் உருவானது, 1946இல் அது கலைக்கப்பட்டது. 1920களில் கலைக்கப்பட்டிருந்த சென்னைக் காலாட்படை, இந்தப் போரில்தான் மறுபடி உயிர் பெற்றது. போர் மூண்டால் வீரர், போர் முடிந்தால் தீண்டத்தகாதவர். ஆள் பஞ்சம் வந்த காலத்தில் மட்டும் சாதியின் இலக்கணம் தளர்ந்தது.

நிலத்திலும் இதே கதைதான். பஞ்சாபில் கால்வாய்க் குடியேற்றங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு நிலம் வழங்கினார்கள். ஆனால் 1900ஆம் ஆண்டின் நில மாற்றச் சட்டம் ‘விவசாயச் சாதிகள்’ என்று ஒரு பட்டியல் போட்டு, தலித்துகளை நிலம் வாங்கும் உரிமைக்கு வெளியே நிறுத்தியது. ஒரே படையிலிருந்து ஓய்வு பெற்ற இருவரில், சாதியைப் பொறுத்து ஒருவர் நிலக்கிழாராகலாம், மற்றவர் அவருடைய நிலத்தில் கூலியாகலாம்.

3. திரும்பி வந்தவர்

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் சுமார் 25 இலட்சம் பேர் இருந்தார்கள். போர் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945இல் தொடங்கப்பட்டவைதான் வேலைவாய்ப்பு அலுவலகங்கள். 1948இல்தான் அவை பொதுமக்கள் அனைவருக்கும் திறக்கப்பட்டன. நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளி முடித்த கையோடு போய்ப் பதிவு செய்கிற அந்த அலுவலகம், படைவீரருக்காகப் பிறந்தது. அது பிறந்தபோது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் ஒரு சுபேதாரின் மகனான அம்பேத்கர். வேலை என்பது ஊர்ப் பெரியவரின் தயவில் கிடைப்பதாக இருந்த நாட்டில், பதிவு எண்ணும் வரிசையும் வைத்து வேலை தருவது என்ற எண்ணமே ஒரு புரட்சிதான்.

ஆனால் முதுகுளத்தூருக்குத் திரும்பியவருக்கு அந்த வரிசையில் காத்திருந்து கிடைத்தது என்ன? போர்க்காலத்தில் சேர்ந்து சில ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டவருக்கு ஓய்வூதியம் கிடையாது. சாதாரணப் படைவீரர் ஓய்வூதியம் பெறப் பதினைந்து ஆண்டுகள் பணிபுரிந்திருக்க வேண்டும். ஒரு சிறு தொகையும், டிஸ்சார்ஜ் புத்தகமும், தகரப் பெட்டியுமாகத் திரும்பியவர் முன்னால் இருந்தது பழைய நிலமும் பழைய மிராசுதாரும்தான். மாறியிருந்தவர் அவர் மட்டுமே.

இம்மானுவேல் சேகரன் 1924 அக்டோபர் 9 அன்று செல்லூரில் பிறந்தார். தந்தை வேதநாயகம் ஓர் ஆசிரியர். 18 வயதில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சிறை சென்றவர், 1940களின் நடுவில் படையில் சேர்ந்தார், அவில்தார் நிலையை எட்டினார். 1950களின் தொடக்கத்தில் ஊரில் இருந்தார். அருப்புக்கோட்டையில் 1954இல் இரட்டைக் குவளை முறைக்கு எதிராக மாநாடு கூட்டினார். அவருடைய துணைவியார் அமிர்தம் கிரேஸ் ஆசிரியை. அந்தக் குடும்பத்தில் யாருடைய வருமானமும் மிராசுதாரின் களத்து மேட்டிலிருந்து வரவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். அடிமை வேலையிலிருந்து விலகிய வருமானம் இல்லாமல் போராட்டம் நடக்காது என்று சொல்லவில்லை. அப்படி ஒரு வருமானம் இருக்கும்போது, வேலையைப் பறிப்பது என்ற முதல் ஆயுதம் எதிரியின் கையிலிருந்து விழுந்துவிடுகிறது.

1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் பணிக்கர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில், முத்துராமலிங்கத் தேவர் உட்பட எல்லாத் தரப்புத் தலைவர்களும் இருந்த அவையில், அவர் சமமாக அமர்ந்தார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 33 வயது நிறைய இன்னும் நான்கு வாரங்கள் இருந்தன.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் நடந்ததையும் பார்ப்போம். அமெரிக்காவில் ஐசக் உட்வர்டு என்ற கறுப்பினப் படைவீரர் 1946 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்துக்குள், சீருடையிலேயே, தென் கரோலினாவில் காவலரால் அடித்துக் கண்கள் பறிக்கப்பட்டார். போரில் பணியாற்றித் திரும்பிய மெட்கர் எவர்ஸ், மிசிசிப்பியில் கறுப்பின மக்களைத் திரட்டினார். 1963 ஜூன் 12 அன்று தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதியும் நிறவெறியும் ஒரே மாதிரி அஞ்சுவது, கட்டளையிடவும் அணிதிரட்டவும் கற்றுக்கொண்டு திரும்பி வருகிற ஒடுக்கப்பட்டவரைத்தான்.

சௌமித்ர ஜா, ஸ்டீவன் வில்கின்சன் ஆகிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, போர்க்கள அனுபவம் பெற்றுத் திரும்பியவர்கள் பிரிவினைக் காலத்தில் என்ன செய்தார்கள் என்று ஆராய்ந்தது. போர் கற்றுத் தருவது அணிதிரட்டும் திறன் என்பது அவர்கள் முடிவு. அந்தத் திறன் ஆதிக்கம் செய்பவரிடம் இருந்தால் விரட்டியடிப்பதற்கும், சிறுபான்மையிடம் இருந்தால் தற்காத்துக்கொள்வதற்கும் பயன்பட்டது. திரும்பி வந்தவர்கள் எல்லாச் சாதியிலும் இருந்த நம் மாவட்டத்தைப் படிக்கும்போது இந்த இரண்டையும் மனத்தில் வைக்க வேண்டும்.

4. யாரை யாரோடு ஒப்பிடுவது?

மாணவர்களுக்கு ஒரு முறையியல் எச்சரிக்கை. ‘ஊரில் மாடி வீடு கட்டியிருப்பவர் பட்டாளத்துக்காரர், ஆகவே பட்டாளம்தான் உயர்த்தியது’ என்று உடனே முடிவு கட்ட முடியாது. படை ஆளைப் பொறுக்கி எடுக்கிறது. உயரம், மார்பளவு, பார்வை, படிப்பு என்று வடிகட்டுகிறது. பிள்ளைக்குப் போதிய சாப்பாடும் பள்ளியும் கொடுக்க முடிந்த வீடுதான் அந்த வடிகட்டியைத் தாண்டும். படைக்குப் போகாவிட்டாலும் அந்தப் பிள்ளை கொஞ்சம் மேலே வந்திருக்கலாம்.

இந்தச் சிக்கலைத் தாண்ட ஜோஷுவா ஆங்கிரிஸ்ட் 1990இல் ஒரு வழி கண்டார். வியட்நாம் போருக்கு அமெரிக்கா குலுக்கல் முறையில் ஆளெடுத்ததால், குலுக்கலில் அகப்பட்டவரையும் தப்பியவரையும் ஒப்பிட முடிந்தது. போய்வந்த வெள்ளையர்கள், போகாத வெள்ளையர்களைவிட 1980களின் தொடக்கத்தில் சுமார் 15 விழுக்காடு குறைவாகச் சம்பாதித்தார்கள். வெள்ளையர் அல்லாதவர்களிடம் அப்படித் தெளிவான இழப்பு தெரியவில்லை. நாம் இதை இப்படிப் படிக்கிறோம்: படைக்குப் போனதால் ஒருவர் இழப்பது, வெளியே அவருக்குக் காத்திருந்த வாய்ப்பை. வெளியே வாய்ப்பே இல்லாதவருக்கு இழக்க என்ன இருக்கிறது?

திரும்பி வந்த பின் கிடைக்கும் சலுகையும் சாதியையும் நிறத்தையும் தாண்டி வருவதில்லை. இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்காக அமெரிக்கா 1944இல் கொண்டுவந்த சட்டம் கல்லூரிப் படிப்பையும் வீட்டுக் கடனையும் கொடுத்தது. சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல் இல்லை. நடைமுறையோ உள்ளூர் வங்கிகளிடமும் அதிகாரிகளிடமும் விடப்பட்டது. 1947இல் மிசிசிப்பி நகரங்களில் அரசு உத்தரவாதத்தோடு கொடுக்கப்பட்ட 3,229 கடன்களில் இரண்டே இரண்டுதான் கறுப்பினப் படைவீரர்களுக்குப் போயின என்பதை ஐரா காட்ஸ்நெல்சன் எழுதுகிறார். சட்டம் டெல்லியில் எழுதப்படலாம், கையெழுத்துப் போடுபவர் நம் ஊரில் இருக்கிறார் என்பதே இதில் நமக்கான பாடம்.

5. இன்றைய கணக்கு

இன்றைக்கு வருவோம். மழை பொய்த்தால் மிளகாய்க் காடு காய்கிறது. மிச்சம் இருப்பது கருவேலங்கரி மூட்டம், கொத்தனார் வேலை, உப்பளம், கடலில் பங்கு, அல்லது வளைகுடா விசா. 2018இல் நிதி ஆயோக், பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்றும் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த இரண்டு மாவட்டங்களில் இராமநாதபுரம் ஒன்று. இந்தப் பின்புலத்தில்தான் ஒரு பிள்ளை பட்டாளத்துக்கு ஓடுகிறான். 35, 40 வயதில் ஓய்வூதியத்தோடு திரும்பினால் அது குடும்பத்தைத் தாங்குகிறது. மகள் கல்லூரிக்குப் போகிறாள். யாருடைய தோட்டத்து வேலையையும் நம்பி இல்லாதவர் ஊராட்சியில் எழுந்து கேள்வி கேட்கிறார். இதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் இரண்டாவது வேலை? ஒன்றிய அரசுத் துறைகளில் முன்னாள் படைவீரருக்கு ‘சி’ பிரிவில் 10 விழுக்காடும் ‘டி’ பிரிவில் 20 விழுக்காடும் ஒதுக்கீடு உண்டு. மறுகுடியமர்வு இயக்குநரகம் திரட்டிய 2021 ஜூன் கணக்கின்படி, விவரம் கொடுத்த துறைகளில் அவர்கள் ‘சி’ பிரிவில் 1.29 விழுக்காடு, ‘டி’ பிரிவில் 2.66 விழுக்காடு மட்டுமே. துப்பாக்கி பிடித்த அனுபவத்தை நேராகப் பயன்படுத்தக்கூடிய மத்திய ஆயுதக் காவல் படைகளின் ‘சி’ பிரிவில் 0.47 விழுக்காடு. பொதுத்துறை வங்கிகளில் மட்டும் நிலைமை வேறு: ‘சி’ பிரிவில் 9.10, ‘டி’ பிரிவில் 21.34. ஒதுக்கீடு ஓரளவு நிரம்புவது வங்கியின் கடைநிலையில்தான்.

தனியாரிடமும் இதே நிலைதான். 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டம், காவலாளி வேலைக்கு முன்னாள் படைவீரருக்கு முன்னுரிமை தரலாம் என்கிறது. தமிழ்நாட்டில் 1986இல் தொடங்கப்பட்ட டெக்ஸ்கோ மூலம் கிடைப்பதும் பெரும்பாலும் காவல் பணியே. ரேடியோ இயக்கியவர், பாலம் கட்டியவர், டீசல் எஞ்சினைப் பிரித்து மாட்டியவர் எல்லோரும் கடைசியில் ஒரே வாசலில் வந்து நிற்கிறார்கள். அவரோடு அதே வாசலில், படைக்கே போகாத வேறொருவரும் அதைவிடக் குறைந்த சம்பளத்தில் நிற்கிறார். இருவருக்கும் உள்ள வேறுபாடு ஓய்வூதியம் மட்டுமே.

தலித் படைவீரருக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு கிடைமட்ட ஒதுக்கீடு. அதில் தேர்வாகும் பட்டியல் சாதிக்காரர், பட்டியல் சாதிக்கான இடத்திலேயே கணக்கில் வைக்கப்படுகிறார். அதாவது, அவர் நுழையும்போது நம் மக்களுக்கான மொத்த இடங்களில் ஒன்றுகூடக் கூடுவதில்லை. ஆளெடுக்கும்போதோ, முப்படைகளின் போர்ப் பணிகளில் பட்டியல் சாதிக்கு இடஒதுக்கீடே கிடையாது. சச்சார் குழு முப்படைகளில் எத்தனை முஸ்லிம்கள் என்று கேட்டபோது எழுந்த கூச்சலை நினைவில் கொள்ளுங்கள். எண்ணிக்கை கேட்பதே நாட்டுப்பற்றுக்கு எதிரானது என்றார்கள். எண்ணப்படாதவர்களுக்கு எதையும் கேட்டு வாங்க முடியாது.

6. நான்கு ஆண்டுச் சிப்பாய்

2022 ஜூன் 14 அன்று ஒன்றிய அரசு அக்னிபத் திட்டத்தை அறிவித்தது. நான்கு ஆண்டுப் பணி. 25 விழுக்காட்டினர் வரை தக்கவைக்கப்படுவார்கள். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 இலட்சம் ரூபாய் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். ஓய்வூதியம் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. 2022 இறுதியில் சேர்ந்த முதல் அணியின் நான்காண்டு 2026 இறுதியில் முடிகிறது.

நாம் இதுவரை பேசியதோடு இதைப் பொருத்திப் பாருங்கள். படைக்குப் போனவரையும் போகாதவரையும் பிரித்துக் காட்டிய ஒரே உறுதியான பொருள் ஓய்வூதியம். மிராசுதாரின் கையிலிருந்து விடுவித்த மணியார்டரின் தொடர்ச்சி அது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 1946இல் தகரப் பெட்டியோடு இறங்கிய அதே மனிதர். சொந்த நிலமும் கடையும் இருக்கும் குடும்பத்துக்கு அந்த 11 இலட்சம் முதலீடாகும். கடனும் கல்யாணச் செலவும் காத்திருக்கும் வீட்டில் அது ஓராண்டுகூடத் தாங்காது. ஒரே திட்டம், சாதி பார்த்து இரண்டு விளைவுகளைத் தரும்.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். முன்னாள் படைவீரர் மறுவேலை பற்றிய கணக்கைச் சமூக வாரியாக, மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். நிரப்பப்படாத ஒதுக்கீட்டு இடங்களைப் பின்னடைவுப் பணியிடங்களாக நிரப்ப வேண்டும். படையில் கற்ற தொழிலுக்குக் குடிமைப் பணிகளில் செல்லும் சான்றிதழ் வேண்டும். நான்கு ஆண்டு முடித்தவருக்கும் முன்னாள் படைவீரர் தகுதியும் ஓய்வூதியமும் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் பக்கத்துச் சேரியிலும், கரையில் இருப்பவர்கள் உங்கள் குப்பத்திலும், படைக்குப் போய்வந்த ஒவ்வொருவரையும் பாருங்கள். அவர் வயதையும் படிப்பையும் ஒத்த, போகாத ஒருவரையும் பாருங்கள். இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: முதல் கூலி யார் கையிலிருந்து வந்தது, இன்று வருமானம் யார் கையிலிருந்து வருகிறது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், ஊர்க்கூட்டத்தில் எங்கே உட்காருகிறார்கள். போய்வந்தவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் படி எடுத்து வையுங்கள். அவருடைய வீட்டுப் பெண்கள் அந்த மணியார்டரை வைத்து என்ன செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பத்து ஊர்களில் இதைச் செய்தால், அரசு தராத கணக்கு நம் கையில் இருக்கும். தியாகியின் வாழ்க்கைக் குறிப்பில் நாம் தாண்டிப் போகிற அந்த ஒரு வரியும் அப்போது முழு வரலாறாகும்.

ஜெய் பீம்.